வெள்ளை பார்க்க எடுத்த படங்கள்

என் மனைவி அறிவுமதி போய்ப் பதினான்கு நாள் ஆகிவிட்டது. நாளை மறுநாள் காரியம். மாலை போட்டு வைக்க அவள் படம் ஒன்று வீட்டில் இல்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். துவாக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதற்கப்புறம் பத்து வருஷமாக உலகத்துக் காட்டு வாத்துகளையும் அன்னங்களையும் தேடிப் போய்ப் படம் எடுக்கிறேன். ஐஸ்லாந்து, அர்ஜென்டினா, ஜப்பான் என்று இருபத்தாறு நாடு. எல்லா நாட்டுக்கும் அறிவுமதியும் வந்தாள். ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் ஓர் அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க் அடுக்கியிருக்கிறேன். அத்தனையிலும் வாத்துதான்.

புனேயிலிருந்து வந்த மகள் யமுனா அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

"ஒண்ணுலகூட அம்மா இல்லையாப்பா?"

"ஃபிரேமுக்குள்ள ஆள் வந்தா அழிச்சிடுவேம்மா."

அது என் வழக்கம். பறவைப் படத்தின் ஓரத்தில் ஒரு மனுஷக் கை தெரிந்தாலே எனக்கு எரிச்சல் வரும். போனில் படம் எடுக்கிறவர்களை நான் ஒரு பொருட்டாக மதித்ததும் கிடையாது. அறிவுமதியின் போனைத் திறந்து பார்த்தோம். கோலங்களும், செம்பருத்திப் பூவும், கேமராவுக்குப் பின்னால் குனிந்திருக்கும் என் முதுகும் இருந்தன. யமுனாவின் கல்யாண ஆல்பத்தில் அவள் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய முகம், தலையில் சாயம், கழுத்து நிறைய நகை.

"அது அம்மா மாதிரியே இல்லப்பா. நரைச்ச தலையோட, கடைசியா இருந்த மாதிரி வேணும்" என்றாள் யமுனா. பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குத்தான் அழுகை வரவில்லை. முதல் நாளிலிருந்தே வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். மாடி வீட்டுக்காரர் மட்டும், "நிஜமாவே அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்குமா சார்?" என்று கேட்டார். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது?

"பிரிக்காது. கடிக்கும்" என்றேன்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் சால்வை ஞாபகம் வந்தது.

அன்னத்தைப் படம் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. பனியும் வெள்ளை, பறவையும் வெள்ளை. வெளிச்சக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். அதனால் பறவைகள் வருவதற்கு முன்பே அறிவுமதியை வெள்ளைச் சால்வையோடு இருபதடி தள்ளி நிற்கவைத்து ஒரு படம் எடுப்பேன். அதைப் பெரிதாக்கி, சால்வையின் நெசவு தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால், "ஆச்சு, நகரு" என்பேன். படத்தை அங்கேயே அழித்துவிடுவேன். பத்து வருஷமாக எந்த ஊரிலும் தினமும் நான் எடுத்த முதல் படம் அவளுடையதுதான். முதலில் அழித்ததும் அதுதான்.

கடைசியாக ஜப்பானுக்கு ஏழு நாள் போயிருந்தோம். திரும்பி வந்த மூன்றாம் வாரம் சமையலறையில் மாரடைப்பு. கேமராவிலிருந்த கார்டை நான் அதற்குப் பிறகு தொடவேயில்லை. அழித்த படம் உடனே மறைந்துவிடாது. கார்டு நிரம்பி அந்த இடத்தில் வேறு படம் பதியும்வரை அதிலேயே கிடக்கும்.

யமுனாவைக் கூட்டிக்கொண்டு பாலக்கரையில் குத்புதீன் பாயின் ஸ்டுடியோவுக்குப் போனேன். கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு விசா படம் எடுப்பவர். அழிந்துபோன கல்யாணப் படங்களை மீட்டுத் தருவதில் பேர் வாங்கியவர்.

"இன்ஷா அல்லாஹ் கிடைச்சிடும் சார், உக்காருங்க" என்று கார்டை கம்ப்யூட்டரில் செருகினார்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாளுக்கு ஒன்றாக ஏழு படம் முழுசாக வந்தன. ஏழிலும் சால்வை பளிச்சென்று இருந்தது. வெளிச்சத்தை அதற்குத்தானே வைத்திருந்தேன். கழுத்துக்கு மேல் ஒரே இருட்டு.

"முகத்தைக் காணோமே பாய்" என்றாள் யமுனா.

"இருங்கம்மா, உள்ளதான் இருக்கும்" என்று அவர் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

அறிவுமதி வந்தாள்.

தலையில் குல்லா இல்லை. மைனஸ் பதினெட்டு டிகிரி உறைபனியில் கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நரைத்த முடியைப் படிய வாரியிருந்தாள். பொட்டு இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள், படம் எடுக்கும்போது எல்லோரும் சிரிப்பார்களே, அப்படி. அடுத்த படத்தைத் திறந்தார். அதிலும் குல்லா இல்லை, அதே சிரிப்பு, காதில் வேறு தோடு. அதற்கடுத்ததில் சின்ன ஜிமிக்கி. ஏழு நாளும் வேறு வேறாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். நான் சால்வைக்கு மேலே பார்க்கவேயில்லை.

"எந்தப் படத்தைப் போடட்டும் சார்?" என்றார் குத்புதீன் பாய்.

"முகம் ஃபோகஸ்ல இல்லையே" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது.

யமுனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அழிச்சிடுவீங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும். அழிக்கும்போது பக்கத்துலதான் நிப்பா."

அவள் மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு, "எல்லாத்தையும் போட்டுடுங்க பாய்" என்றாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

ஒவ்வொன்றாகப் பிரிண்ட் வந்துகொண்டிருந்தது. யமுனா கடைசிப் படத்தைக் கையில் எடுத்து, காதோரம் விரல் வைத்துக் காட்டினாள்.

"இந்தப் பச்சைக்கல் தோடு அழகா இருக்குப்பா. எப்ப வாங்கினாங்க?"

தெரியாது என்றேன். அந்த ஏழு தோட்டில் ஒன்றைக்கூட நான் அதற்கு முன் பார்த்த ஞாபகம் இல்லை.