சிவப்பு அம்பு

கம்பெனியில் கவிப்பிரியாவுக்கு டிசைனர் என்று பெயர். குழந்தைச் சட்டைகளுக்கு யானையும் முயலும் வரைவதுதான் வேலை. அது போதாதென்று, மெஷின்களுக்கு எச்சரிக்கைப் படம் வரையும் வேலையையும் முதலாளி சசிகுமார் அவள் தலையில் கட்டினார். தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் என்று நாலு மொழியில் எழுதித் தொங்கவிட்டும் ஒருத்தரும் படிக்கவில்லை. காலையிலிருந்து நின்றே வேலை செய்து களைத்த கண்ணுக்கு எந்த மொழியானால் என்ன? எழுத்தே வேண்டாம், பார்த்ததும் புரிய வேண்டும் என்றார் சசிகுமார். சொல்கிறவருக்கு என்ன, வாய்தானே.

ரத்தம் வரைந்தாள், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்தால் முகம் சுளிப்பார் என்று எடுக்கச் சொன்னார். அலறும் முகம் வரைந்தாள், சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறதென்றார். துணி செக்கிங் மெஷினுக்கு வரைவதற்குள் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. உருளையில் சிக்கிய ஒரு கை, அதற்குக் கீழே பெரிய சிவப்பு அம்பு, அவ்வளவுதான். அம்பின் நுனி, அவசரத்துக்கு மெஷினை நிறுத்தும் சுவிட்சைத் தொடுகிற மாதிரி சுவரில் ஒட்டச் சொன்னாள். சசிகுமார் பேசாமல் தலையாட்டினார். விட்டது தொல்லை என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த மெஷினில்தான் அவள் அம்மா விஜயராணி செக்கர். ஓடுகிற துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். டேமேஜ் என்று அர்த்தம். சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் ஸ்டிக்கர்களையும் அவள் வீணாக்குவதில்லை. ஒழுகும் குழாய்க்கு ஒன்று, ஷாக் அடிக்கும் சுவிட்சுக்கு ஒன்று. அம்பு இருந்தால் கை வைக்கக் கூடாது, அது அந்த வீட்டுச் சட்டம்.

படம் ஒட்டிய மறுநாள், புதன்கிழமை மதியம், விஜயராணியோடு நின்ற ஒடிசாப் பெண் மமதாவின் துப்பட்டா உருளையில் மாட்டியது. இழுக்கப் போன கையும் கூடவே போனது. சுவிட்ச் விஜயராணியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடாமல் ஹாலின் மறுகோடியில் இருக்கும் மெயின் போர்டுக்கு ஓடினாள். மெஷின் நிற்பதற்குள் மமதாவின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

ஏன் அமுக்கவில்லை என்று சசிகுமார் கேட்டதற்கு, பயத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று மட்டும் சொன்னாள் விஜயராணி. பக்கத்தில் சுவிட்சை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடுகிற ஆள் மெஷினில் நிற்க வேண்டாம், நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்றுவிட்டார். அவள் சோறு கொண்டுவந்த போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கவிப்பிரியாவுக்கு அம்மாவின் பேச்சு நம்பும்படி இல்லை. பயந்தவள் எதற்காக அத்தனை தூரம் ஓடுவாள்? சாயங்காலம் வீட்டில் விடாமல் கேட்டாள். விஜயராணி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தச் சுவிச்சு மேல அம்பு இருந்துச்சு கண்ணு. டேமேஜு போலன்னு நெனச்சுட்டேன்."

கவிப்பிரியா குழாயைப் பார்த்தாள். அம்பு இருந்தது. சுவிட்ச் போர்டைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. தினமும் இந்த அம்புகளுக்கு நடுவில்தானே பல் துலக்கினாள், தலை வாரினாள். படம் வரையும்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"ஏம்மா, இத முதலாளிகிட்டச் சொல்லலை?"

"படம் நீ போட்டது. ஒரு வேலை போனாப் போவுது, ரெண்டும் போவணுமா?"

மறுநாள் கம்பெனி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கவிப்பிரியா சுவரிலிருந்து படத்தைக் கிழியாமல் உரித்தாள். அம்மாவின் மேசையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து, தான் வரைந்த பெரிய அம்பின் மேலேயே ஒட்டினாள். இரண்டும் ஒரே சிவப்பு. அப்படியே கொண்டுபோய் சசிகுமாரின் மேசையில் விரித்தாள்.

"டேமேஜு இதுலதானுங்க சார். எங்கம்மாகிட்ட இல்லீங்க."

சசிகுமார் சின்ன அம்பைப் பார்த்தார், பெரிய அம்பைப் பார்த்தார். இதற்குத் தலையாட்டியவர் அவர்தான். போனை எடுத்து, "உங்கம்மா நம்பரச் சொல்லு" என்றார்.