பீயுனின் நேரான கால்

பீயுனுக்கு இடது முட்டி பின்பக்கமாக வளைந்திருக்கும். சின்ன வயதில் வந்த போலியோ தொடைச் சதையையெல்லாம் தின்றுவிட்டுப் போனது. சதை இல்லாத காலில் எப்படி நிற்பது? முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொண்டால் நிற்கலாம். யாரும் சொல்லித்தரவில்லை, விழுந்து விழுந்து அவளே கண்டுபிடித்தது. அந்தக் காலோடுதான் தாய்னான் நகரச் சந்தையில் தையல் கடை போட்டாள், புருஷனை அடக்கம் செய்தாள், மகன் போவெய்யைப் படிக்க வைத்தாள்.

ஆனாலும் நாத்தனார் ஷூச்சினுக்கு அவள் வாத்துதான். கல்யாணமாகி வந்த அன்றைக்கே, "தம்பி கோழி கொண்டாருவான்னு பாத்தா வாத்தைப் பிடிச்சுட்டு வந்திருக்கான்" என்று வீடு முழுக்கக் கேட்கச் சொன்ன புண்ணியவதி. அன்றிலிருந்து பீயுன் முழுநீளக் கால்சட்டையைத் தவிர வேறெதையும் உடுத்தவில்லை.

போவெய்க்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு மீன் கடை முன்னால் வழுக்கினாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை, சும்மா உட்கார்ந்த மாதிரிதான். வேறொருத்தி என்றால் தட்டிவிட்டுப் போயிருப்பாள். இவளுக்கு முட்டிக்குச் சற்று மேலே தொடை எலும்பு முருங்கைக் கிளை மாதிரி மளுக்கென்று முறிந்தது.

எலும்பு டாக்டர் சியே இளவயதுக்காரர். அவர் பிறப்பதற்குள் அந்த நோயே ஊரைவிட்டுப் போய்விட்டது. போலியோ காலை அவர் பாடத்தில்தான் பார்த்திருந்தார். எலும்பு ரொம்ப மெலிசு, உள்ளே கம்பி நுழையாது, பக்கத்தில் தகடு வைத்துத்தான் சேர்க்கணும் என்றார். அப்புறம் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எப்படியும் ஒடஞ்சாச்சும்மா. சேக்கும்போதே இந்தக் கோணலையும் நேராக்கிடட்டுமா?"

பிறந்ததிலிருந்து யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. கல்யாண விருந்து கண் முன்னால் வந்தது. மணமக்களோடு பெற்றவர்களும் கோப்பையை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போய் நிற்க வேண்டும். முட்டியளவு உடுப்பில், ஷூச்சின் இருக்கிற மேசைக்கு நேராக நடந்து போகணும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். சரி என்றாள்.

சேதி கேட்டு லீசியாங் கொய்யாப்பழத்தோடு வந்தாள். சிறுவயதில் போலியோ விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி. இரண்டு காலிலும் இரும்புச் சட்டம்.

"அடி கூறுகெட்டவளே, அந்தக் கோணல்தான்டி உன் தாழ்ப்பாள். அதைப் பிடுங்கிட்டா கால் எப்படி நிக்கும்? வேண்டாம்னு சொல்லு."

பீயுனுக்குச் சுருக்கென்றது. "நான் நேரா நடந்துட்டா ஒனக்குத் துணைக்கு நொண்டி இல்லாமப் போயிரும். அதானே?"

லீசியாங் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு வரவில்லை.

எலும்பு அம்சமாகக் கூடியது. டாக்டர் படத்தைப் பயிற்சி டாக்டர்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். முதல் தடவை எழுப்பி நிறுத்தியபோது பீயுன் பழக்கப்படி முட்டியைப் பின்னால் தள்ளினாள். அது போகவில்லை. முன்பக்கம் மடங்கி, இரண்டு பேர் தாங்கியும் தரையில் உட்கார்ந்தாள். பயிற்சி செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். ஆகவில்லை. போலியோ வந்தவர்களுக்கு வயதான பிறகு மிச்சச் சதையும் ஓய்ந்துவிடுமாம், படுக்கையில் கிடந்து போன சதை போனதுதானாம். லீசியாங் மாதிரி சட்டம் போடலாமா என்றால், அந்தக் கனத்தை இந்த எலும்பு தாங்காதாம்.

மானத்தை விட்டுக் கேட்டாள். "டாக்டர், பழையபடி கோணலாவே வச்சுட முடியுமா?"

அவர் சிரித்துவிட்டார். "நல்லாக் கூடின எலும்பை யாராவது ஒடைப்பாங்களாம்மா?"

கல்யாணத்துக்குச் சிவப்புப் பட்டில் முட்டியளவு உடுப்பு அவளே தைத்தாள், அந்தப் பிடிவாதம் மட்டும் போகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கோணல் காலும் ஒன்றுதான், நேர்க் காலும் ஒன்றுதான். அழைப்பு அனுப்பியும் லீசியாங் வரவில்லை.

மீன் பரிமாறியதும் மணமக்கள் எழுந்தார்கள். மேசைகளுக்கு நடுவே நாற்காலி நுழைய இடமில்லை. போவெய் இப்படியும் அப்படியும் பார்த்தான். ஷூச்சின் அதற்குள் கோப்பையோடு வந்துவிட்டாள்.

"நான் போறேன்டா. அத்தைன்னா அம்மா மாதிரிதானே." போகிற போக்கில், ஏசி குளிருமே என்று தன் சால்வையை எடுத்துப் பீயுனின் மடியிலிருந்து பாதம் வரைக்கும் போர்த்தி இடுக்கில் செருகிவிட்டாள்.

முதல் மேசை கைக்கெட்டுகிற தூரம்தான். பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் எழுந்து, "மாப்பிள்ளையோட அம்மாவா? நல்ல வாட்டசாட்டமா இருக்கீங்க" என்றார். ஷூச்சின் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள், மறுக்கவில்லை.

பீயுன் மகனைப் பார்த்தாள். சொல்வான், திரும்பிக் கையைக் காட்டிச் சொல்வான் என்று சால்வையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

போவெய் கோப்பையை உயர்த்தினான். கிழவர் குடித்தார். மூவரும் அடுத்த மேசைக்குப் போனார்கள்.