சுவரில் ஏறிய மலைரோடு

கிறிஸ்துமஸ் வந்தால் பிச்சைமணியின் ஏலக்காய்க் கடைக்குப் பெயிண்டு அடித்தே ஆகணும். முகப்பை மட்டும் மகள் ஜெனி இதுவரை கெஞ்சிக் கூத்தாடித் தப்பவைத்திருந்தாள். இந்த வருசம் பாச்சா பலிக்கவில்லை.

கட்டடக்கலை படித்தவள். கடை முகப்பைச் சொரசொரப்பான கல்லில் எழுப்பி, போடிமெட்டு மலைரோட்டை வளைவு வளைவாக அதில் கொத்தவைத்தாள். ராசிங்காபுரத்துப் பாறையில் சுரண்டிய லைக்கனை, அதாங்க, பிரியாணியில் போடுகிற கல்பாசிக்குப் பங்காளியை, கஞ்சித்தண்ணியில் கலந்து பள்ளத்தில் பூசினாள். ஊரே சிரித்தது. மழைக்காலங்கள் போயின, ஒரு புள்ளி எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஐப்பசி மழைக்குத்தான் லைக்கன் மகராசி மனசு வைத்தாள். சாம்பலும் வெளிர்பச்சையுமாக ரோடு மலையேறியது. ஜெனிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை.

அப்பாவுக்கோ அது அழுக்கு. "முகப்பு பாசி புடிச்சுக் கெடந்தா எவன் ஆத்தா யாவாரத்துக்கு வருவான்? ஒச்சப்பா, வெரசா சொரண்டு!"

பெயிண்டர் ஒச்சப்பன் கம்பி பிரஷ்ஷை எடுத்தார்.

"வேணாம்ப்பா! சொரண்டுனா மறுபடி எப்ப வருமோ!" ஜெனி சுவருக்குக் குறுக்கே போய் நின்றாள்.

அந்நேரம் மசாலாச் சாமான் வாங்க வந்தாள் பிரியாணிக்கடை செல்லக்கிளி. சுவரைப் பார்த்ததும் நகத்தால் கிள்ளப் போனாள். "அண்ணே, கல்பாசிய பச்சையாவே வச்சிருக்கீகளா? கிலோ என்ன வெல? மொத்தமாச் சொரண்டிக் குடுங்க!"

"அக்கா, அது திங்கிற சாதி இல்ல!" ஜெனி பதறினாள். போச்சு! பெயிண்டுக்குத் தப்பினாலும் பிரியாணிக்குப் போய்விடும் போலிருக்கே. அப்பா எதையும் விலைபேசுகிற மனுசனாச்சே.

பிச்சைமணி கண்ணாடியை மாட்டினார். ஏலக்காய் பார்க்கிற மாதிரியே மோந்து பார்த்தார். உள்ளே போய் மூட்டையிலிருந்து ஒரு பிடி கல்பாசியை அள்ளி வந்து பக்கத்தில் வைத்தார்.

"அடேயப்பா! இத்தன காலமும் காஞ்சதத்தான் வித்திருக்கேன். உசுரோட இருந்தா இப்படியா இருக்கும்?"

அவர் விரல் சுவர் ரோட்டின் அடிவாரத்திலிருந்து வளைவு வளைவாக மெல்ல மேலே போனது.

"வெல சொல்லுங்கண்ணே."

"விக்கிறதுக்கு இல்ல, தாயி."

ஆத்தாடி! கேட்ட சாமானுக்கு அப்பா விலை சொல்லாமல் விட்டதை ஜெனி பார்த்ததேயில்லை.

"விக்காத சாமானை எதுக்குண்ணே கடை வாசல்ல வச்சிருக்கீக?"

"எம் மக போட்ட ரோடு," என்றார் பிச்சைமணி. "ஒச்சப்பா, நீ உள்பக்கம் போய் அடி."

பிறகு மகளைப் பார்த்தார். "ஏன் ஆத்தா, மலை உச்சி செக்போஸ்டுக்கு முன்னால ஒரு வளைவு கொறையுதே? உளியக் கொண்டா. கஞ்சி நான் ஊத்துறேன்."