மறைந்திருந்த இரண்டு கோப்புகள்

அன்று பிற்பகல் அந்த அறையில் இருந்தவர்கள்: வகுப்பு நடத்தும் ஹரோல்ட் மாஸ்டர், புடவைக்கடை துரைராஜாவின் மகள் தேவகுமாரி, குருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பெர்னடெட். மேசையில் ஒரு கொம்பியூட்டர். 1989ஆம் ஆண்டு, மானிப்பாயில் அந்த வகுப்புக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

செருப்புகளை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால் வெயில் மங்கிக் கிடந்தது. பச்சை எழுத்துகள் இருளில் மிதந்தன. மீன்பிடிக்கப் போகும் தகப்பன் யாகோப்பு சொல்லும் இரவுக் கடலின் மினுக்கம் இப்படித்தான் இருக்குமோ என்று பெர்னடெட் நினைத்தாள். பக்கத்து அரிசி மில் ஓடத் தொடங்கியது. அதன் முனகலில் அறையே மெல்ல ஆடுவது போலிருந்தது.

எழுத்துகள் அப்படியே உறைந்தன. இந்தக் கிழமையில் மூன்றாவது தடவை. அன்றுதான் செய்முறைச் சோதனை. தேறினால் சான்றிதழ், அது இருந்தால் பெர்னடெட்டுக்கு ஆஸ்பத்திரிக் கந்தோரில் எழுத்தர் வேலை.

மாஸ்டர் இயந்திரத்தை நிறுத்தி மறுபடி தொடக்கினார். இயந்திரத்துக்குள் இருக்கும் வட்டைச் சோதிக்கும் கட்டளையை முதன்முறையாக அடித்துப் பார்த்தார். மறைந்திருக்கும் கோப்புகள் இரண்டு என்றது திரை.

"வைரஸ்! கடைசியா ஆர் டிஸ்க் போட்டது?"

"உவள்தான் சேர்," என்றாள் தேவகுமாரி. "உவளின்ரை டிஸ்கிலை மீன் வாடையும் அடிக்குது. வைரஸ் என்ன, நண்டும் கிடக்கும்."

"நண்டு கிடந்தால் உமக்குத் தராமல் தின்னமாட்டன்," என்றாள் பெர்னடெட். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். "சேர், கொம்பியூட்டரோடை கொம்பனியிலை தந்த டிஸ்கையும் ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ. மில் ஓடத் தொடங்கேக்கை கறண்ட் குறையுது, அப்ப மட்டும்தான் இது நிக்குது."

"நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம். குருநகரிலை எங்கையெல்லாம் குடுத்து வாங்கின டிஸ்கோ! ஒளிச்சிருக்கிறது கள்ளன்தான். உனக்குச் சோதினை இல்லை, வெளியிலை போ."

பெர்னடெட் வாசலுக்குப் போய் நின்றாள். வெளியேறவில்லை.

மாஸ்டர் அந்தக் கோப்புகளை அழிக்கக் கட்டளையிட்டார். அனுமதி இல்லை என்றது இயந்திரம். அவருக்குச் சந்தேகம் உறுதியானது. பழுதுபார்க்கும் நிரல் ஒன்றைப் போட்டுக் காவலை உடைத்து, இரண்டையும் அழித்தார். நிறுத்தித் தொடக்கினார். திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: இயங்குவதற்கான வட்டு இல்லை.

வேறு வழியின்றிக் கொம்பனியின் டிஸ்கை உறை கிழித்து எடுத்தார். யார் கையும் படாத டிஸ்க். அதைப் போட்டதும் இயந்திரம் எழுந்தது. பிறகு பெர்னடெட் கேட்டபடியே அந்த டிஸ்கைச் சோதித்தார்.

மறைந்திருக்கும் கோப்புகள்: இரண்டு.

"உதிலையும் கிடக்கே!" என்றாள் தேவகுமாரி.

வாசலிலிருந்து பெர்னடெட் சொன்னாள்: "எண்பத்தேழிலை ஷெல் அடிக்கேக்கை நாங்கள் கோயிலுக்குள்ளை ஒளிச்சிருந்தம், சேர். உங்கடை ஆக்களும் எங்கையோ ஒளிச்சுத்தானே இருந்திருப்பினம். ஒளிச்சிருந்ததுக்காக நாங்கள் எல்லாரும் கள்ளரே? கொம்பியூட்டரை எழுப்புற உந்த ரெண்டையும் ஆரும் தெரியாமல் கை வைச்சுக் கெடுத்துப்போடாமல் கொம்பனிக்காரர் ஒளிச்சு வைச்சிருக்கினம்."

மில் நின்றது. அறை தண்ணீருக்கடியில் இருப்பது போல அமைதியாயிற்று. மாஸ்டர் கொம்பனி டிஸ்கிலிருந்து அந்தக் கோப்புகளைத் திரும்பவும் இயந்திரத்துக்குள் எழுதினார். நிறுத்தித் தொடக்கினார். பச்சை எழுத்துகள் மிதந்து வந்தன.

அவர் எழுந்து மில்லுக்குப் போய், சோதனை முடியும்வரை ஓட்டவேண்டாம் என்று கேட்டுவிட்டு வந்தார். பெர்னடெட்டின் முன்னால் நின்றார்.

"எங்கை பழுது எண்டு பாக்க முதல், ஆரின்ரை பழுது எண்டு பாத்திட்டன். உம்மடை ஊரைக் கேட்டவுடனை தேடுறதை விட்டிட்டன். கொம்பியூட்டருக்கு வைரஸ் வருத்தம் ஒண்டும் இல்லை, பிள்ளை. எனக்குத்தான்."

பெர்னடெட் தலையாட்டவில்லை, சிரிக்கவுமில்லை. "எனக்குச் சோதினை இருக்கோ, சேர்?"

"ஓம். முதல் ஆள் நீர்தான்."

சோதனை எழுதுபவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாதபடி அவரைத் தனியே விட்டுப் பூட்டுவதுதான் அங்கே ஒழுங்கு. தேவகுமாரி வெளியே வந்தாள். பெர்னடெட் தன் டிஸ்கோடு உள்ளே போய், இயந்திரத்தின் முன் தனியாக உட்கார்ந்தாள். மாஸ்டர் அந்த டிஸ்கைச் சோதிக்கக் கேட்காமலே கதவைச் சாத்திப் பூட்டினார்.