அத்தாவின் காதில் பெருநாள் விசில்

அத்தாவின் காது மெஷின் விசிலடித்தது. வாங்கிய இருபது நாளில் ஒருமுறைகூட அடிக்காதது, நோன்புப் பெருநாளன்று தொழுகை முடிந்து வந்ததிலிருந்து எட்டு முறை அடித்துவிட்டதாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து ராஜபாளையம் வீட்டு வாசலில் நான் கால் வைத்ததுமே என் அண்ணன் ஜபருல்லா பிடித்துக்கொண்டான்.

"ஏட்டி சப்ரீன், நீ வாங்கிக் குடுத்த மெஷின் ஊரையே கூட்டுது!"

உள்ளே, பக்கத்து வீட்டு சுப்புராஜ் மாமா சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன ஜமால் பாய், பிரியாணிக்குக் காதுலயா குக்கர் வச்சிருக்கீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. மெஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"வேண்டாம்மா. கேக்காமயே இருந்துக்கிடுதேன். வாரவுக எல்லாம் பயந்து விலகுதாக."

மூன்று பெருநாளாக அத்தா கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். மெஷின் வந்த முதல் நாளே அம்மா அடுக்களையில் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டுவிட்டது. "இம்புட்டு வருசமா என்னத் திட்டிக்கிட்டா இருந்தே?" என்றாராம். "இப்பத்தான் வெளங்குச்சாக்கும்?" என்றாளாம் அம்மா. இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பை நான் போனில் கேட்டேன். அதைப் பெட்டிக்குள் போட விடுவேனா?

பேட்டரியை மாற்றினேன். காதுக்குள் போகும் ரப்பரைத் துடைத்தேன். சட்டைப் பையிலிருந்த போனைத் தூர வைத்தேன். "செத்த நேரம் போட்டுக்கங்கத்தா. அடுத்த ஆள் வர்ற வரைக்கும்தான்" என்று கெஞ்சினேன். வலது காதில் மாட்டிக்கொண்டார். பத்து நிமிடம் சத்தமே இல்லை.

அப்போது சோழபுரத்திலிருந்து சித்தப்பா வந்தார். பெருநாள் வழக்கப்படி மூன்று முறை மாறி மாறித் தழுவினார். முதல் தழுவலில் 'கூ'வென்று விசில். இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மறுபடி விசில்.

"ஆஹா!" என்று கத்திவிட்டேன். சித்தப்பா பதறிப் பின்வாங்கினார்.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் அலறுமே, அதேதான். காது மெஷினில் ஒரு குட்டி மைக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சாதாரணமாக, காதிலிருந்து கசியும் சத்தம் காற்றோடு போய்விடும். இன்னொருவர் தலை காதை ஒட்டி வந்தால், அந்தச் சத்தம் அதில் மோதி மைக்குக்கே திரும்பும். மெஷின் அதைப் பெரிதாக்கும். ஸ்பீக்கர் வெளியே விடும். அது மறுபடி மைக்குக்கு. சுற்றிச் சுற்றி விசிலாகிவிடும்.

"அப்ப இருபது நாளா ஏன் அடிக்கல?" என்றான் அண்ணன்.

இருபது நாளில் அத்தாவைக் கட்டிப்பிடித்தவர் யாருமில்லை. நானும் என் கல்யாணத்தன்று கடைசியாகப் பிடித்தது. ஆறு வருடம் ஆகிறது.

"சோதிச்சுப் பாத்துருவோம்" என்று அத்தாவைத் தழுவினேன். வலது காதோடு வலது காது சேர்ந்தது. விசில். மறுபக்கம் மாறினேன். இடது காதோடு இடது காது. அமைதி. அத்தரும் அவர் புதுச் சட்டையின் கஞ்சியும் மணந்தன.

"கேக்குதாத்தா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கேக்குதும்மா. விட்டுறாத."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அண்ணன் முண்டியடித்து வந்தான். "நவுருட்டி, நானும் சோதிக்கணும்!" அவனுக்குப் பின்னால் சித்தப்பா, சுப்புராஜ் மாமா. கூடத்தில் வரிசையே நின்றுவிட்டது. வந்த ஒவ்வொருவருக்கும் நான் ஒன்றையே சொன்னேன்: மெஷின் வலது காதில் இருக்கிறது, அதனால் மூன்று முறையும் இடது கன்னம் இடது கன்னத்தைத் தொடும்படி மட்டும் தழுவுங்கள், விசில் வராது.