செந்நிற முடிச்சு

ஆய்வகத்தில் அவளை எல்லாரும் 'ஊசி' என்றே அழைத்தனர். பேச்சு அவ்வளவு கூர்மை. காலையில் வந்ததும் மேசையை ஸ்பிரிட்டால் மும்முறை துடைப்பாள். அதன்பின் எவரேனும் கைவைத்தால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான்காம் முறையும் துடைப்பாள். அடுத்த மேசை அவளுடைய அக்காவுடையது. இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

பயற்றுச் செடியின் வேர்முடிச்சில் தங்கி, காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நுண்ணுயிர்களை அக்கா வளர்த்தாள். அவை தொன்றுதொட்டுச் செடியின் நண்பர்கள் என்பது அவள் கட்சி. நோயாக நுழைந்து, தலைமுறை தலைமுறையாகப் பழகிப் பணியாளாக மாறிய பகைவர்கள் என்பது ஊசியின் கட்சி. அதை மெய்ப்பிக்க, வேரழுகல் நோய் தரும் நுண்ணுயிர் ஒன்றில் முடிச்சு உண்டாக்கும் மரபணுக்களைச் சேர்த்துத் தட்டைப்பயற்று நாற்றில் விட்டாள். உண்டான முடிச்சைக் கிள்ளி, தோலில் ஒட்டியவை போகக் கழுவி, நசுக்கி, அச்சாற்றைப் புதிய நாற்றில் இடுவது ஒரு சுற்று. முடிச்சுகள் உள்ளே வெளுத்தே கிடந்தன. குடியேறியவை தின்றனவேயன்றி உழைக்கவில்லை. நான்காண்டுகள் கழித்து, நாற்பதாம் சுற்றில், ஒரு முடிச்சு உள்ளே சிவந்திருந்தது. தழைச்சத்து சேர்க்கும் முடிச்சின் நிறம் அது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிவிக்குமாறு இயக்குநர் சொல்லிவிட்டார்.

ஊசியின் நுண்ணுயிர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றைத் தாங்கும். அக்காவுடையது அதில் மடியும். ஆகவே சிவந்த முடிச்சின் சாற்றை, மருந்திட்டதும் இடாததுமாக இரண்டு வளர்ப்புத் தட்டுகளில் ஊசி தேய்த்து வைத்திருந்தாள். வெள்ளி காலையில் பார்த்தபோது மருந்தில்லாத தட்டில் காடாய் வளர்ந்திருந்தது. மருந்திட்ட தட்டோ துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று எட்டிப் பார்த்த அக்கா சிரித்தாள். "அடிப்பாவி! இத்தனை நாள் சீராட்டினது என் பிள்ளையவா?"

"உன் மேசை நாறுது. அங்கேருந்துதான் வந்திருக்கு."

"நாறட்டும். முடிச்சைக் கழுவின கடைசித் தண்ணியைத் தட்டுல ஊத்தி, ஏதாவது முளைக்குதான்னு ஒவ்வொரு தடவையும் பார்த்தியா?"

ஊசி குறிப்பேட்டைப் புரட்டினாள். முப்பத்தெட்டாம் சுற்றன்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியதில் அந்த ஒரு தட்டை மட்டும் ஊற்றாமல் விட்டிருந்தாள். முடிச்சின் தோலில் ஒட்டியிருந்த அயலான் அன்றே சாற்றோடு புதிய நாற்றில் புகுந்து, அடுத்த இரு சுற்றுகளில் பெருகியிருக்க வேண்டும்.

"அன்னிக்கு நீதானே என்னைக் கிளப்பிவிட்ட!"

"ஆமா, உன் கையை நான்தான் கட்டிப்போட்டேன்! போ, மேடை ஏறு. நான் மூச்சு விடமாட்டேன். நல்லா உச்சிக்குப் போனதும் வந்து காலை வாரிவிடுறேன்."

"செய்வ. அம்மாகிட்ட என்னைப் போட்டுக்குடுத்தே வளர்ந்தவதானே நீ."

ஊசி இரு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குச் சென்றாள்.

"சார், சிவந்த முடிச்சுல இருக்கிறது எங்க அக்காவோட கிருமி. தப்பு என்னோடது. இன்னிக்கு நான் பேசலை. முப்பத்தேழாம் சுற்றுச் சாறு உறைபெட்டியில பத்திரமா இருக்கு. திங்கட்கிழமை அதுலேருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்."