குலசிங்கம் ஷாங்காயில் இல்லை

சீனாக்காரன் ஒருவன் சீனப் படம் பார்க்கக் கூடாதாம். இப்படியொரு அநியாயத்தைக் குலசிங்கம் தன் எழுபத்தாறாவது வயதில்தான் கண்டார்.

அந்தச் சீனாக்காரன் லாவ். குலசிங்கம் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவப் போன சாப்பாட்டுக் கடையின் பெரிய சமையற்காரர். இருவருக்கும் பத்தொன்பது வருஷம் ஒரே குசினி. குலசிங்கத்துக்கு இங்கிலிஷ் இன்றுவரை மட்டுமட்டு. லாவின் சீனம் நன்றாகவே வரும், அதில் பாதி தூஷணமாக இருந்தாலும்.

இப்போது லாவுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் விழுந்து, ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் கிடந்தார். பெண்சாதி பிள்ளை என்று யாரும் இல்லை. பின்னேரங்களில் குலசிங்கம்தான் பஸ் ஏறிப் போய்த் தன் போனில் ஒரு சீனத் தொடரைப் போட்டுக் காட்டுவார். அரண்மனைச் சமையற்காரன் ஒருவனின் கதை. அது ஓடும்போது மட்டும்தான் லாவ் வாயைத் திறப்பார். அங்கே வேலை செய்யும் பாசையூர்ப் பெண் அன்ரனெற் அந்த நேரம் பார்த்துக் கஞ்சியைத் தீத்திவிடுவாள்.

இருபத்தொன்பது பாகம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. முப்பதாவதை அழுத்தினால் கறுப்புத் திரை. அதில் இரண்டு வரி எழுத்து.

"நீங்கள் நிக்கிற இடத்திலை இதைப் பார்க்கேலாதாம் அங்கிள்," என்று அன்ரனெற் வாசித்துச் சொன்னாள். "இனிச் சீனாவுக்குள்ளை இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தானாம்."

"உந்தக் கட்டிலிலை கிடக்கிறவன் ஆரெண்டு கேள் அவங்களிட்டை! யப்பான்காரனோ?"

லாவ் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு நாள் அப்படியே போயிற்று. குலசிங்கம் வேறு சீனப் படங்களெல்லாம் போட்டுப் பார்த்தார். லாவ் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி இறங்கினாலே பெரிய காரியம்.

ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸிலிருந்து மகன் கீதன் வந்தான். கதையைக் கேட்டுச் சிரித்தான்.

"இது சின்ன வேலை அப்பா. விபிஎன் எண்டு ஒண்டிருக்கு. போட்டுவிட்டால் நீங்கள் சீனாவிலை நிக்கிற மாதிரி அவங்களுக்குக் காட்டும்."

ஐந்து நிமிஷத்தில் போட்டும் விட்டான். குலசிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஷாங்காய். நீங்கள் இப்ப ஷாங்காயிலை நிக்கிறீங்கள்."

"அழியடா அதை!"

"ஏன்?"

"ஏனோ? பொன்னம்பலத்தார் ஊரிலை எட்டு மாசம் நிண்டிட்டு வந்து பட்ட பாடு தெரியுமெல்லே? ஆறு மாசத்துக்கு மேலை நாட்டிலை இல்லையெண்டால் பென்சனோடை தாற உதவிக்காசை வெட்டிப்போடுவாங்கள். நாளைக்கு எனக்குக் கடிதம் வரும், சீனாவிலை உனக்கென்ன வேலையெண்டு."

"அப்பா, இது கவுண்மேந்துக்குத் தெரியாது."

"படம் காட்டுறவன் நான் கனடாவிலை நிக்கிறன் எண்டு கண்டுபிடிச்சிட்டான். அவனுக்குத் தெரியுமாம், கவுண்மேந்துக்குத் தெரியாதாம். ஆருக்கடா காது குத்துறாய்?"

குசினிக்குள் நின்ற பெண்சாதி குணவதி விடவில்லை.

"ஆரோ ஒருத்தன்ரை பாஸ்போட்டிலை வந்திறங்கின மனிசனுக்கு இப்பதான் பயம் வருகுது!"

"அது உயிருக்காகச் சொன்ன பொய். ஒரு படம் பார்க்கிறதுக்கும் பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"சீனாவுக்குப் போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ. நாளைக்கு மீன் வாங்கிறதோ விடுறதோ எண்டு நான் யோசிக்கவேணும்."

"வாயை மூடு!"

கீதன் அதை அழிக்கவில்லை. நிற்பாட்டி மட்டும் விட்டான். இந்தப் பொத்தானைத் தொட்டால் சீனா, திரும்பத் தொட்டால் கனடா என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் குலசிங்கம் போனபோது அன்ரனெற் அறை வாசலிலேயே மறித்தாள்.

"புதன்கிழமை மூக்காலை குழாய் விடப்போகினம் அங்கிள். இப்பிடியே விட்டால் ஆள் தாங்காதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

குலசிங்கம் எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் முழுப் பன்றியை இரண்டே வெட்டில் பிளந்த மனுஷன், போர்வைக்குள் தலையணை அளவுக்குக் கிடந்தார்.

"படத்தைப் பூட்டி வைச்சவனைக் கொண்டுவந்து படுக்க வைச்சு, அவன்ரை மூக்குக்குள்ளை விடவேணும் உந்தக் குழாயை!"

"மெல்ல, அங்கிள். பக்கத்து அறையிலை ஆக்கள் படுத்திருக்கினம்."

"பிள்ளை, ஒரு பேப்பர் எடு. நான் சொல்லுறதை இங்கிலிஷிலை எழுது. குலசிங்கம் எண்டவர் இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு பத்துக்கு ரெக்ஸ்டேலிலை லாவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை கதிரையிலை இருந்தவர். சீனாவுக்குப் போகேல்லை. நான் கண்ணாலை கண்டனான்."

"உதென்ன விசர்க் கதை?"

"எழுது! எழுதிக் கையெழுத்தைப் போடு. உன்ரை வேலை அட்டை நம்பரையும் போடு."

"செருப்பு நம்பரும் போடவோ?"

"போடு."

அவள் சிரித்துச் சிரித்து எழுதிக் கொடுத்தாள். குலசிங்கம் தாளை நாலாக மடித்து உள்சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு பொத்தானைத் தொட்டார்.

ஒரு கேள்வி இல்லை. முப்பதாவது பாகம் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது.

"பார் பிள்ளை இவங்கடை நியாயத்தை! உள்ளதைச் சொன்னவனுக்குப் பூட்டு. பொய்க்காரனுக்குப் பாய் விரிக்கிறாங்கள்!"

பாட்டுக் கேட்டதும் லாவின் தலை மெல்லத் திரும்பியது. அன்ரனெற் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவிட்டாள். திரையில் அரண்மனைச் சமையற்காரன் ஒரு முழு மீனைத் தட்டில் வைத்து, நீராவியில் ஏற்றுவதற்கு முன்பே கைநிறைய உப்பை அள்ளி அதன்மேல் எறிந்தான். லாவ் விழாத பக்கத்து வாயால் ஏதோ சொன்னார். தெளிவில்லைத்தான். ஆனால் பத்தொன்பது வருஷம் நாளுக்கு நாலு தரம் தன் தலைமேல் விழுந்த வார்த்தை குலசிங்கத்துக்குத் தெரியாமல் போகுமா?

"என்னவாம்?" என்றாள் அன்ரனெற்.

"படத்திலை நிக்கிற சமையற்காரன்ரை தாயை இழுக்கிறான். அவ்வளவு உப்புப் போட்டால் மீன் கல்லுமாதிரிப் போகுமெல்லே? அரசனுக்குச் சமைக்க வந்திட்டானாம், மூதேவி! நீ ஏன் பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? அந்தாள் திட்டுறதுக்கு வாயைத் திறக்கேக்கை கஞ்சியை வை!"

கரண்டி உள்ளே போனது. லாவ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விழுங்கினார். விழுங்கிவிட்டு, இன்னும் திட்டுவதற்கு வாயைத் திறந்தார்.